நாலு பத்து வானம்

சிப்பித்துறைக்கு மேலே வானம் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்துக்கு. நிறுத்தியது யார் என்பதில் ஊருக்குள் சந்தேகமே கிடையாது. மீன் ஏலக்கூடத்து மூலையில் ஐந்து மாசமாகக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த கிளாட்வின் பெண்டாட்டி பெனிட்டாதான் நிறுத்தினாள், அவளும் இல்லையென்று ஒரு நாளும் சாதிக்கவில்லை. சூரியன் மேற்கே பனைகளுக்கு இரண்டு ஆள் உயரத்தில் நின்றது, அதற்குத் தெற்கே ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு மேகம் நின்றது, கலங்கரை விளக்கத்துக்கு நேர் மேலே சிறகை விரித்தபடி ஒரு கொக்கு நின்றது. அந்தக் கொக்கு என்னவோ அடுத்த நிமிஷமே கீழே இறங்கி வந்து கழிவு மீன் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தது. மேலே நின்றது அதன் படம்.

கதைக்கு முந்தி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏலக்கூடத்துச் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு திரை உண்டு, ஊரில் அதற்குக் கடல் பலகை என்று பேர். கரையும், கடலும், மேலே வானமும், போன படகுகள் ஒவ்வொன்றும் ஒரு பொட்டாகவும் அதில் தெரியும். பொட்டு பச்சையாக இருந்தால் படகு சுகம். படகில் இருக்கிறவன் ஆபத்துப் பொத்தானை அமுக்கினால் பொட்டு சிவப்பாக மாறும், பக்கத்தில் அமுக்கின நேரமும் எழுத்தாக வரும். இத்தனையையும் வரைவது பெட்டிக்குள் செருகியிருக்கிற உள்ளங்கை அகல அட்டை ஒன்று. படகுகள் அனுப்புகிற செய்தி நேரே அந்த அட்டைக்குள்தான் போகும், அது வரைந்தால் உண்டு, வரையாவிட்டால் எவனுக்கும் எதுவும் தெரியாது. அட்டையைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது, அட்டையோடு பேசுகிற மென்பொருளின் ரகசியத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்புக் காற்றில் பழைய கம்ப்யூட்டர் செத்தபோது புதுசாக வாங்கி வைத்த கம்ப்யூட்டருக்கு அட்டையின் பாஷை தெரியவில்லை.

பெங்களூரில் ஏழு வருஷம் இந்த மாதிரி மென்பொருள் எழுதுகிற வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்காகக் கரைக்கு வந்தவள் பெனிட்டா. "நான் எழுதுறேன். எழுதுறத ஊரு உலகமெல்லாம் பாக்கிற மாதிரி வெளிய வைப்பேன். இதே அட்டையோட வேற எந்தத் துறைமுகத்துல எவன் தவிச்சிக்கிட்டு நிக்கானோ, அவனும் எடுத்துக்கட்டும்" என்றாள். அந்த மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர், அவள் டிரைவர் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஊர்க்காரர்கள், டிரைவரை வேலைக்கு வைப்பார்கள், எழுதவா செய்வார்கள் என்று ஒரு வாரம் சிரித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். அவள்தான் மறக்கவில்லை. அட்டைக்குள் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு அறைகள், எதன் வாசலிலும் பேர் கிடையாது. ஒரு அறையில் ஒரு எண்ணைப் போட வேண்டும், திரையில் என்ன ஆகிறதென்று பார்க்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒன்றில் எண் போட்டால் கடல் தலைகீழாகும், ஒன்றில் போட்டால் பொட்டெல்லாம் ஒரு பக்கமாக ஓடும், ஒன்றில் போட்டபோது உள்ளே இருந்த விசிறி அலறி அட்டையிலிருந்து புகை வாடை வந்தது, பெனிட்டா பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். அட்டை ஒன்றே ஒன்றுதான், கருகினால் மறு அட்டை பூமியில் எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கென்றே பல தேசங்களில் ஒரு கூட்டம் உண்டு, முகம் பார்க்காமல் கடிதத்தில் பேசிக்கொள்கிறவர்கள். யார் எழுதி அனுப்பினாலும் வரிவரியாகக் குற்றம் பார்த்துப் பொதுப் பெட்டகத்தில் சேர்க்கிற பொறுப்பு எர்லெண்ட் என்று பனிப்பிரதேசத்து மனுஷன் ஒருத்தனுக்கு. வானம் நின்ற அன்றைக்கே பெனிட்டா அவனுக்கு எழுதினாள்: ஒரு படம் வந்தது, அடுத்த படம் வரவில்லை, எங்கள் ஊர் வானமும் அதே படத்தில் நிற்கிறது. அவன் மறுநாள் பதில் போட்டான்: "என்னிடமும் இதே அட்டை ஒன்று இருக்கிறது, நீங்கள் அனுப்பியதை ஓட்டிப் பார்த்தேன், படம் நிற்பது உண்மை. எங்கள் ஊர் வானம் நகர்கிறது. எனவே வானம் சம்பந்தப்பட்ட பகுதியை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை, அதைத் தனிக் கடிதமாக அனுப்பவும்."

ஊருக்கு உறுதி தேவைப்படவில்லை. பலகையிலும் அதே கொக்கு, மேலேயும் அதே கொக்கு. பலகையின் வெளிச்சத்தைப் பெனிட்டா ஒரு படி குறைத்துப் பார்த்தாள், கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் "எவ அவ, கண்ணு தெரியல" என்று சத்தம் போட்டார்கள், உடனே கூட்டிவிட்டாள். அதோடு சோதனை முடிந்தது.

பிறகு ஊர் தன் பாட்டுக்கு நாலு பத்துக்குள் குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. வெளிச்சம்தான் நின்றதே தவிர சூடும் குளிரும் நேரத்துக்கு வந்து போயின. விடியற்காலம் மூன்று மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சாயங்கால வெயிலில் நடுங்கினார்கள், மேகமில்லாத இடத்திலிருந்து மழை பெய்தால் யாரும் அண்ணாந்து பார்க்காமல் குடையை விரித்தார்கள். கோழிகள் கூட்டுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததால் ஆளுக்கொரு கூடையைக் கவிழ்த்தார்கள். கைப்பிள்ளைகள் தூங்காமல் கத்தியதால், ஐஸ் கம்பெனிக்காரர் ஜன்னலில்லாத தன் பழைய உப்புக் கிட்டங்கியைத் திறந்துவிட்டார். அங்கே வரிசையாகத் தொட்டில் கட்டி, ஊரின் இருட்டு முழுவதையும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். பொழுது சாய்ந்தால்தான் குடிப்பேன் என்று மாதாமேல் சத்தியம் செய்திருந்த ஆண்கள் மூன்று பேர் பொழுது சாயாததால் குடிக்க முடியாமல் திண்டாடினார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பெனிட்டாவுக்குப் பொரித்த நெத்திலி கொடுத்துவிட்டார்கள். வாலிபர்கள் ராப்பகல் தெரியாமல் பந்தடித்ததால், ஒன்பது மணிக்கு மேல் பந்து தரையில் விழக்கூடாது என்று பங்குசாமியார் பூசையில் அறிவித்தார். பக்கத்து ஊர்களிலிருந்து கல்யாண ஜோடிகளும் போட்டோக்காரர்களும் வந்து குவிந்தார்கள், இவ்வளவு நல்ல வெளிச்சம் எங்கேயும் கிடைக்காதாம். உள்ளூர் ஜோடிகளோ ஊரெல்லையில் உப்பளத்து மதகுக்குப் போனார்கள். அங்கே மதகுக்கு இந்தப் பக்கம் நாலு பத்து, அந்தப் பக்கம் எல்லா ஊருக்கும் உள்ள பொழுது, நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் ஒரு எட்டு தாண்டி உட்கார்ந்தால் போதும்.

"அணைச்சுட்டுப் போடேன்" என்று எல்லாரும் ஒரு தடவை சொன்னார்கள். "அணைச்சா பலகை கறுப்பாப் போகும்" என்று பெனிட்டா சொன்னதும் யாரும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. அன்றைக்கே மின்வாரியத்து லைன்மேன் பேச்சிமுத்து ஏலக்கூடத்து வயரில் யாரும் கை வைக்கக்கூடாதென்று கம்பத்தில் துணி கட்டினார். மின்சாரம் போனாலும் பலகை அணையாதிருக்க வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு விசிறியில்லாமல் படுத்தார்கள். முப்பத்தொரு பேட்டரி, மீன் பெட்டி மாதிரி சுவரோரமாக அடுக்கியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் வானத்தைப் பார்க்கவே இல்லை. வியாகுலம் அக்காவுக்கு ஒரே பிள்ளை பிரிட்டோ, 'தூய மிக்கேல்' படகின் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவன். அதே படகில் இஞ்சின் பார்க்கப் போனவன்தான் பெனிட்டாவின் புருஷன் கிளாட்வின். எட்டுப் பேர், பத்து நாள் தங்கல். வானம் நிற்பதற்கு ஐந்து நாள் முந்தி ஒரு வியாழக்கிழமை போனார்கள். பலகை நின்ற நேரத்தில் 'தூய மிக்கேல்' கரையிலிருந்து அறுபது கடல் மைலில் பச்சைப் பொட்டாக நின்றது. வியாகுலம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பொட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள், போகும்போதும் வரும்போதும் பொட்டை விரலால் தொட்டாள், திரையில் அந்த இடத்தில் மட்டும் மீன் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது, மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தான் எழுதினதையே திரும்பப் படித்த பெனிட்டா தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள்.

தப்பு என்றால் அந்த வேலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒரு படம் வரைந்து முடித்ததும் அட்டை ஒரு அறையில் கொடியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும். யாராவது அந்தக் கொடியை இறக்கினால்தான் அடுத்த படம் வரையும். இறக்குவதற்குப் பெனிட்டா அந்த அறையில் பூஜ்யம் போட்டிருந்தாள், உலகத்தில் எதை அழிப்பதானாலும் பூஜ்யம்தானே போடுவார்கள். ஆனால் சில அட்டைகளில் கொடியை இறக்க ஒன்று போட வேண்டும்; பார்த்தேன், ஒப்புக்கொண்டேன் என்று சொல்கிற மாதிரி ஒன்று. பெங்களூரில் புதுசாக வந்த பையன்களை இதே தப்புக்காக எத்தனை திட்டியிருப்பாள்! முந்தின நாற்பது அறைகள் பூஜ்யத்துக்கு மடங்கின பழக்கத்தில் இங்கேயும் கை தானாகப் பூஜ்யத்தை அடித்துவிட்டது. தலையிலே அடித்துக்கொண்டு, பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டாள், சோற்றை வடிக்காமல் ஏலக்கூடத்துக்கு ஓடினாள்.

அங்கே வியாகுலம் சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாருட்டி பெனிட்டா, நம்ம ஆளுக எப்படி ஜம்முன்னு நிக்காவ" என்றாள். பெனிட்டா விசைப்பலகையில் கை வைத்தாள், கையை எடுத்தாள். ஒன்று போட்டால் அடுத்த படம் வரும். அடுத்த படத்தில் இந்தப் பொட்டு இல்லாமல் போனால்? அதுவரைக்கும் அவளுக்குத் தோன்றாத நினைப்பு அது. அறுபது மைலில் பச்சையாக நிற்கிற கிளாட்வினை அவள் அந்த நிமிஷம் முழுசாக வைத்திருந்தாள், கையை விட அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போனாள், சோறு குழைந்து கிடந்தது. எர்லெண்டுக்கு, இன்னும் தேடுகிறேன் என்று எழுதினாள்.

நாளை என்பதற்கு அந்த ஊரில் அப்போது அடையாளமே இல்லாததால் தள்ளிப்போடுவது லேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை 'தூய மிக்கேல்' திரும்ப வேண்டிய நாள், வரவில்லை. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை வந்து சேர்ந்தன, அவற்றின் பொட்டுகளோ பலகையில் போன இடத்திலேயே நின்றன. கூடத்து வாசலில் நின்று பீடி குடிக்கிற ஆளின் படகு பலகையில் நாற்பது மைலில் நின்றது. அதைக் காட்டிச் சங்கச் செயலாளர் தஸ்நேவிஸ், "எக்கா, இது அன்னைக்குள்ள படம்க்கா, இன்னைக்குள்ளது இல்ல" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "அவுக பொட்டு பொய். எம்புள்ள பொட்டு பொய்யில்ல" என்றாள் வியாகுலம். புதன்கிழமை இரண்டு படகுகள் தேடிப்போய், பலகை காட்டின அறுபது மைல் இடத்தைச் சுற்றிவிட்டு, வெறும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பின. ஏன் வெறும் தண்ணீர் என்று அந்தக் கரையில் ஒருத்திக்குத் தெரியும். அவள் கட்டுமரத்து நிழலில் நின்று அழுதாள், அப்போதும் போய் ஒன்று போடவில்லை. பொட்டு இல்லாத பலகையைக் கனவில் பார்த்துப் பார்த்து முழித்தாள், முழித்தால் ஜன்னலில் அதே வெயில்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பேச்சிமுத்து சைக்கிளில் வந்து சொன்னார்: சாயங்காலம் புயல் கரையைக் கடக்கிறது, பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மேலே ஆட்டுக்குட்டி மேகம் அசையாமல் நிற்க, கீழே காற்று தென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஊரே ஏலக்கூடத்தில் கூடிவிட்டது. தஸ்நேவிஸ் ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரைப் பேசி முடித்துவிட்டார், பத்து நாளைக்குப் பலகை அணையாது. "நம்ம வானத்துல புயலே இல்லையே, அது இப்படியே நிக்கட்டும், அடிச்சா அடுத்த ஊர்ல அடிக்கட்டும்" என்று ஒருத்தர் சொன்னதற்குப் பாதிக் கூட்டம் தலையாட்டியது. பத்து நாளைக்கு நின்றுவிடும் என்று கேட்ட மாத்திரத்தில் பெனிட்டாவின் நெஞ்சுக்குள் நிம்மதி பரவியது. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் பயந்தாள். பத்து நாளைக்குப் பிறகு இன்னும் ஒரு பத்து நாள் கேட்பேன், நான் கேட்கக்கூடியவள்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனாள். வியாகுலம் நாற்காலியை விட்டு எழுந்து பொட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"எதுக்குட்டி அங்க போற?"

"வானத்த விடப்போறேன்க்கா. வழி கெடச்சிட்டு."

"எப்போ கெடச்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம், ஊர் நம்பியிருக்கும். பெனிட்டாவுக்கு நாக்கு புரளவில்லை. "போன வெள்ளிக்கிழமையே கெடச்சுது" என்றாள். "பயந்துட்டேன்க்கா. இந்தப் பச்சை போயிருமோன்னு பயந்துட்டேன்."

காற்றில் தகரக் கூரை தடதடத்தது. தஸ்நேவிஸ், "எம்மா, என்னம்மா சொல்லுத" என்று கிட்டே வந்தார்.

"அப்ப இன்னைக்கும் பயப்படு" என்றாள் வியாகுலம். குரல் உடைந்து கெஞ்சியது. "ஒன் காலப் பிடிக்கேன். எம்புள்ள இதுல இருக்கான். விட்டேன்னா நான் எங்க போய்ப் பாப்பேன்?"

"அக்கா, என் வீட்டு ஆளும் அதுலதான் இருக்காவ."

"அப்போ வுடாதே!"

"அவுக பொத்தான அமுக்கியிருந்தா?"

வியாகுலத்தின் உள்ளங்கை திரையில் அப்படியே இருந்தது. சின்னக் குரலில், "அமுக்கியிருந்தா இதுல செகப்பாத் தெரியும்லா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. பச்சையாத்தான் தெரியும். நாம விடுற வரைக்கும் பச்சையாவேதான் தெரியும்."

வியாகுலம் தன் கையைத் தானே பார்த்தாள். பிறகு விரல் விரலாக எடுத்தாள். "போடுட்டி" என்றாள்.

பெனிட்டா ஒன்று போட்டாள். வானம் ஒரு தடவை குலுங்கியது, கொக்கு காணாமல் போனது, சூரியன் தொப்பென்று பனைக்குப் பின்னால் விழுந்தது. அட்டை வரையாமல் வைத்திருந்த நாட்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்தன. யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி அடித்தன, நிலா வளர்ந்துகொண்டே தலைக்கு மேல் தாண்டித் தாண்டிப் போனது, கோழிகள் கூடைக்குள் ஓடுவதும் வெளியே வருவதுமாகத் திகைத்துக் கத்தின, பிள்ளைகள் கிட்டங்கிக்குள் ஒரே குரலில் அழுதன, பங்குசாமியார் எந்த வேளைக்கு மணி அடிப்பதென்று தெரியாமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பத்து இரவுகளும் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிக்கிற நேரத்தில் போய்விட்டன. கடைசியில் வானம் வந்து நின்றது அன்றைய வெள்ளிக்கிழமையில். கரியாக, தாழ்ந்து, கிழக்கேயிருந்து மேகம் மேகமாகக் கொட்டிக்கொண்டு. ஆனால் நகர்ந்தது, எல்லாரும் பார்க்க நகர்ந்தது.

பலகையில் அறுபது மைலில் ஒன்றும் இல்லை. வியாகுலம் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது. "இங்கே, இங்கே" என்று தஸ்நேவிஸ்தான் கத்தினார். தென்கிழக்கே இருபத்திரண்டு மைலில் ஒரு பொட்டு சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் சின்ன எழுத்து.

வியாகுலத்துக்கு எழுத்து தெரியாது. "அதுல என்ன போட்டிருக்கு?" என்றாள்.

வாசித்துத்தான் ஆக வேண்டும். "திங்கக்கிழமை, காலையில ஆறு இருபது" என்று பெனிட்டா வாசித்தாள்.

வியாகுலம் விரலை மடக்கித் திங்கள், செவ்வாய் என்று எண்ணினாள். எண்ணி முடித்ததும் பெனிட்டாவை ஓங்கி ஒரு அறை அறைந்தாள், பிறகு அதே கையால் தன் கன்னத்திலும் அறைந்துகொண்டாள். ஆண்கள் அதற்குள் கரைக்கு ஓடிவிட்டார்கள். புயல் வருகிற கடலுக்குள் மூன்று படகுகள் இறங்கின.

அவர்கள் போன பிறகு செய்ய ஒன்றுமில்லை. பத்து மணிக்கு மின்சாரம் போனது, முப்பத்தொரு பேட்டரியில் பலகை ஓடியது, பச்சைப் பொட்டுகள் மூன்றும் சிவப்பை நோக்கி எறும்பு மாதிரி ஊர்ந்தன. கன்னம் எரிய எரியப் பெனிட்டா எர்லெண்டுக்கு எழுதினாள். மாற்றின வரி ஒன்றே ஒன்று, பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று. அதற்கு மேலே, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதுகிற வழக்கப்படி எழுதினாள்: இந்தத் தப்பு நாலாம் நாள் கண்டுபிடிக்கப்பட்டது. பதினோராம் நாள் சரிசெய்யப்பட்டது. நடுவில் உள்ள ஏழு நாளுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை, நான் அடுத்த படத்தைப் பார்க்கப் பயந்தேன். அவன் அரைமணி நேரத்தில் பதில் போட்டான்: "திருத்தம் சரி, என் அட்டையிலும் படம் நகர்கிறது, சேர்த்துக்கொள்கிறேன். கடைசி இரண்டு வாக்கியங்கள் தேவையா? இங்கே சேர்ந்ததை யாராலும் பிறகு அழிக்க முடியாது." தேவை என்று எழுதினாள்.

சாயங்காலம் நாலரைக்குப் படகுகள் திரும்பின, காற்று மூர்க்கமாகிற நேரம். எட்டுப் பேரும் உயிரோடு வந்தார்கள். ஆனால் பிரிட்டோவை ஒரு மரப்பலகையில் கிடத்தித்தான் இறக்கினார்கள். மீன் பாடு போதாதென்று ஒரு நாள் கூடுதலாகத் தங்கியிருந்தார்கள், திங்கட்கிழமை விடியற்காலம் மடிவலை இழுக்கிற இரும்பு வடம் அறுந்து, அதன் நுனி படகுக்கு அடியில் சுழல்கிற தண்டில் போய்ச் சுற்றித் தண்டை முறித்தது, அறுந்த வடம் அவன் வலது காலையும் நசுக்கிவிட்டது. அப்போதுதான் பொத்தானை அமுக்கினார்கள், படகு நீரோட்டத்தில் மிதந்து மிதந்து கரைப் பக்கம் வந்தது. கால் கறுத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "ஒரு ரெண்டு நாள் முந்திக் கொண்டாந்திருந்தா" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, ஆனால் வராந்தாவில் பெனிட்டாவும் வியாகுலமும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள், இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

கிளாட்வினுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது, பேச்சு கரகரத்தது. பெனிட்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு அதிசயம் கேளு பெனி" என்றான். "தண்ணி தீந்து போச்சு, எல்லாரும் வுழுந்து கெடக்கோம். ராத்திரி பாத்தா, கரை பூராவும் இருட்டு, நம்ம ஊரு மட்டும் பகல் மாதிரி வெளிச்சமாத் தெரியுது. நாலு ராத்திரியும் அப்படித்தான். நான் பயலுகள்ட்ட சொன்னேன், பாத்தியளாலே, நமக்காக வெளக்கப் போட்டு வச்சிருக்காவ, எம்பெண்டாட்டி பலகை முன்னால உக்காந்து நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கா, எப்படியும் வந்துருவாவன்னு. அத நம்பித்தான் கெடந்தோம்." அவள் கையை அழுத்தினான். "பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். "ஆனா நீங்க அமுக்கினத இல்ல. பழைய பச்சையப் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு எர்லெண்டுக்கு எழுதினதைத் தமிழில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவன் முழுசும் கேட்டான். அவள் பிடியிலிருந்த கையை எடுத்து நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். வெளியே மழை அடித்தது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தபோது, "தண்ணி குடு" என்று மட்டும் கேட்டான்.

ஊர் பழையபடி இருட்டியது, விடிந்தது. தொட்டில்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், பேட்டரிகளை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள், குடிகாரர்கள் மூன்று பேரும் பொழுது சாயக் காத்திருந்து குடித்தார்கள். பெனிட்டாவோடு யாரும் சண்டைக்கு வரவில்லை, யாரும் பொரித்த நெத்திலியும் கொடுக்கவில்லை. அவள் தினமும் கூடத்துக்குப் போய் மிச்ச அறைகளுக்குப் பேர் எழுதினாள். இன்னும் ஆயிரத்து எழுநூறு அறைகள் பாக்கி இருந்தன.

பத்தாம் நாள் காலை வியாகுலம் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறாள், கையில் பிரிட்டோவின் ஒற்றைச் செருப்பு ஒரு பையில் இருந்தது. பெனிட்டா எழுந்து நின்றுவிட்டாள். வியாகுலம் அவளைப் பார்க்காமல் தன் பழைய நாற்காலியைத் தேடி எடுத்து, பலகை முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு இருபத்தாறு படகுகள் கடலில் இருந்தன. ஒவ்வொரு பொட்டாக, கண்ணைச் சுருக்கி, வடக்கேயிருந்து தெற்கே பார்த்துக்கொண்டே போனாள்.

"செகப்பு ஏதும் உண்டாட்டி?" என்றாள்.

"இல்லக்கா."

"ஒழுங்காப் பாத்தியா?"

பெனிட்டா திரும்பவும் முதலிலிருந்து, இருபத்தாறையும், விரல் வைத்து எண்ணினாள்.

"பாத்துட்டேன்க்கா" என்றாள்.

"சரி. அடுத்த படத்தப் பாரு" என்றாள் வியாகுலம்.